ஒரு மிதியில் நிற்கும் கார்

தம்பி,

கார் கராஜிலிருந்து வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். சரி என்றேன். போனை வைத்த பிறகுதான், வெறும் சரியோடு நிறுத்தியிருக்கக் கூடாது என்று தோன்றியது. நேரில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியிலேயே "வெளங்குதும்மா, வெளங்குது" என்பாய். விளங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரியாமலே பேச்சு முடிந்துவிடும். இருபத்து மூன்று வருடம் இரசாயனவியல் வகுப்பில் நின்றவளுக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை. அதனால் எழுதுகிறேன். பெரும்பாலும் காரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், அதிலும் அதன் பிரேக்கைப் பற்றி. ஆனால் இதன் முடிவில் நீ தர்ஷினியிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து இழுத்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்காது. கலியாணமாகி ஆறாவது வாரம் உன் மனைவி ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டாள். தெல்தெனியாவுக்கு மேலே அந்த வளைவில் கார் ரோட்டோர வடிகானுக்குள் இறங்கிய நாளிலிருந்து, தனக்குக் கார் ஓட்ட வராது என்று நம்பிக்கொண்டிருந்தாள். அப்படி நம்ப வைத்தவன் நீ. நீ பேசியதைக் கேட்டுக்கொண்டு பின்சீட்டில் வாயை மூடி இருந்தவள் நான்.

அந்தக் கார் உன்னைவிட மூன்று வயது மூத்தது. நீ ஆறாம் ஆண்டில் படித்தபோது அப்பா வாங்கினார். அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருக்கும் ஒருவருக்கு மஹய்யாவவில் அது சின்னக் காரியம் இல்லை. சந்து முழுக்க வந்து பார்த்தார்கள். வாங்கிய இரண்டாம் வருடமே ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் போனது. கண்டியில் சமதரையைத் தேடி எங்கே காரை நிறுத்துவது? அப்பா மகாவலிக் கரையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டு வந்தார். நிறுத்தும்போதெல்லாம் பின் ரயருக்கு அடியில் அதை வைக்க வேண்டும். "தம்பி, கல்லு!" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நீ கதவைத் திறந்து குதித்திருப்பாய். எவ்வளவு சுறுசுறுப்பான பிள்ளை என்று கோயில் வாசலில் ஒரு அம்மா பாராட்டியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நானும் பெருமைப்பட்டேன். எல்லாருடைய காரிலும் ஸ்டெப்னி இருக்கும், நம்முடைய காரில் ஸ்டெப்னியும் கல்லும் இருக்கும் என்று அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். அவர்கள் சிரிப்பார்கள். ஏன் ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்யவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் ஆள் நான்.

பிறகு கால் பிரேக்கும் அதே வழியில் போனது. ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகத் தொடங்கியது. ஒரு தரம் மிதித்தால் பாதிதான் பிடிக்கும். காலை எடுத்து மறுபடி மிதித்தால் பெடல் மேலே வந்து நன்றாகப் பிடிக்கும். "இது நம்ம கச்சேரி ஃபைல் மாதிரி. மொத தள்ளுக்கு நகராது, ரெண்டாவது தள்ளுக்குத்தான் அசையும்" என்றார் அப்பா. சிரித்தோம். இரண்டு தரம் மிதிப்பது நம் வீட்டுப் பழக்கம் ஆகிவிட்டது. பல் விளக்குவது மாதிரி, அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை.

உனக்குப் பதினெட்டு வயதானபோது ஹந்தானை ரோட்டில் நான்தான் உனக்குக் கார் ஓட்டப் பழக்கினேன். அப்பாவுக்குப் பொறுமை இல்லை என்று அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வளைவு வருவதற்கு முன்பே "டக், டக். ரெண்டு மிதி. மொதல் மிதி சும்மா, ரெண்டாவதுதான் பிரேக்" என்று சொல்லிக் கொடுத்தேன். பாடம் எடுப்பது போலவே சொல்லியிருக்கிறேன். ஒரு வாரத்தில் நீ பிடித்துக்கொண்டாய். அதன் பிறகு டெஸ்டுக்குப் போன இடத்தில், "ஏன் தம்பி நிக்கிற காருக்கு ரெண்டு தரம் பிரேக் போடுறீங்க?" என்று பரீட்சகர் கேட்டதாக வந்து சொன்னாய். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த மாதம், ஒபிஸ் ஜீப்பை ஓட்டும்போது பக்கத்தில் இருந்த பெரிய கிளார்க்கின் நெற்றி கண்ணாடியில் முட்டியதாகவும் சொன்னாய். இரண்டுக்கும் நாங்கள் சிரித்தோம். இரண்டு வேறு வண்டிகள், இரண்டு வேறு ஆட்கள், ஒரே கேள்வி. என் மாணவி ஒருத்தி இப்படி இரண்டு அவதானிப்புகளைக் கொண்டு வந்து முடிவு எழுதாமல் விட்டிருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன். உனக்கு நான் கற்றுக்கொடுத்தது கார் ஓட்டுவது இல்லை, ஒரு பழுதோடு சேர்ந்து வாழ்வது. அதற்குத் திறமை என்று பெயரும் வைத்தேன்.

இன்னும் இருக்கிறது. பெற்றோல் கிடைக்காமல் வரிசையில் நின்ற அந்த மாதங்களில் ஹந்தானையிலிருந்து டவுன் வரை நியூட்ரலில் இறங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? ஒரு சொட்டு மிச்சம் என்று நினைத்தோம். கியரில் இருந்தால் இஞ்சின் தாங்க வேண்டிய பாரத்தை எல்லாம் பிரேக் தாங்கியது. வாசனை வந்தது. யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு வரத் தொடங்கியது. பிரேக் ஒயில் குறைந்தால் எரியும் விளக்கு. நான் என்ன செய்தேன்? டிக்கியில் இருந்த போத்தலை எடுத்து ஊற்றினேன். விளக்கு அணைந்தது. மூன்று வாரத்தில் மறுபடி எரிந்தது. மறுபடி ஊற்றினேன். இப்படி இரண்டு வருடம். மூடிய குழாய்க்குள் இருக்கும் ஒயில் எங்கே போகிறது என்று ஒரு தரம்கூட நான் கேட்கவில்லை. ஜாதகம் பார்க்க வந்தவரிடம் ஆதாரம் கேட்டவள், ஆயுர்வேத எண்ணெய் விற்க வந்தவரிடம் ஆய்வறிக்கை கேட்டவள், உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியின் வாயில் ஒயிலை ஊற்றி மூடினேன்.

அந்தப் போத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது திறந்த போத்தல். பிரேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இந்த வகைச் சேர்மங்களைப் பற்றி உயர்தர வகுப்புக்கு வருடா வருடம் பாடம் எடுக்கிறேன். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகும். ஆவியை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது, அதனால் பெடல் வெறுமனே கீழே போகும். இதைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டத் தெரிந்த நான், மூடி சரியாக இறுகாத ஒரு போத்தலை இரண்டு மழைக்காலம் டிக்கியில் உருள விட்டிருக்கிறேன். படித்தது வகுப்பறைக்கு, கார் வீட்டுக்கு என்று நமக்குள் ஒரு சுவர் இருக்கிறது போல.

உன் கலியாணத்துக்கு முன் காருக்குப் பெயிண்ட் அடித்தோம். மருமகள் அதில்தான் வரப்போகிறாள், உரிந்த பொனெட்டோடு போய் நிற்க முடியாது என்று சொன்னதும் நான்தான். இரண்டு வாரம் கட்டுகஸ்தோட்டையில் நம் மெக்கானிக் பாஸின் கராஜில் கார் நின்றது. முத்து வெள்ளை வேண்டுமா, பால் வெள்ளை வேண்டுமா என்று நீயும் அப்பாவும் மூன்று நாள் வாதாடினீர்கள். கலியாணத்தன்று மல்லிகைச் சரம் கட்டி, நான்கு ரயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, அந்தக் காரில் தர்ஷினியை அழைத்து வந்தோம். வீட்டு வாசலில் நிறுத்தியதும் மாப்பிள்ளையான நீயே பழக்கதோஷத்தில் குதித்துப் போய்க் கல்லை வைத்தாய். பட்டு வேட்டியோடு. எல்லாரும் கைதட்டினார்கள். தர்ஷினி மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, ஹேண்ட் பிரேக் வேல செய்யாதா?" புது மருமகள் கேட்ட முதல் கேள்வி அது. "அதெல்லாம் அப்படித்தான்மா" என்று சொல்லி ஆலாத்தித் தட்டை எடுக்கப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் ஹுன்னஸ்கிரியவில் உங்கள் குவாட்டர்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாள். என்னைக் கண்டியில் விட நீங்கள் இருவரும் வந்தீர்கள். தர்ஷினி ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் காலையில் பஸ் பிடிக்கப் படும் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. "இன்னைக்கு நீயே ஓட்டு, பழகிக்க. பழகிட்டா நீயே எடுத்துட்டுப் போவலாம்" என்று நீதான் சாவியைக் கொடுத்தாய். நல்ல மனதோடுதான் கொடுத்தாய், அதை மறுக்கவில்லை. குவாட்டர்ஸைச் சுற்றியுள்ள சமமான பாதையில் இரண்டு நாள் ஓட்டியிருக்கிறாள். அங்கே ஒரு மிதிக்கே ஓரளவு பிடிக்கும். இறக்கம் வேறு. அரை மணி நேரம் தொடர்ந்து இறங்கி வந்த பிறகு, தூறலில், ஒரு வளைவு திரும்பியதும் பஸ் ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டு நின்றது. அவள் மிதித்தாள். சரியான நேரத்தில், சரியான அழுத்தத்தோடு, லேர்னர்ஸ் பள்ளியில் பழக்குநர் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு தரம். பெடல் தரை வரை போய்விட்டது.

"பம்ப் பண்ணு! பம்ப் பண்ணு!" என்று கத்தினாய். அவளுக்கு அது என்னவென்று தெரியாது. எப்படித் தெரியும்? அவள் இன்னும் பலமாக அழுத்திப் பிடித்தாள், எந்த நல்ல ஓட்டுநரும் செய்வது போல. பிறகு ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பிக் காரைக் கானுக்குள் இறக்கி மண்மேட்டில் முட்டி நிறுத்தினாள். நீ அதைப் பார்க்கவில்லை, முன்னால் இருந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வலது பக்கமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்த நான்கைந்து பேரில் ஒருத்தி இடுப்பில் பிள்ளை வைத்திருந்தாள். தர்ஷினி ஒரு கணத்தில் அவர்களையும் பஸ்ஸையும் கானையும் பார்த்தாள், கானை எடுத்தாள். என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான ஒரு முடிவை இவ்வளவு குறுகிய நேரத்தில் நான் எடுத்ததில்லை.

நீ இறங்கிப் பார்த்துவிட்டு முதலில் சொன்ன வார்த்தை, "ஐயோ, பெயிண்ட்." பிறகு அவள் பக்கம் திரும்பினாய்.

"ரெண்டு தரம் மிதிக்கணும்னு தெரியாதா ஒனக்கு?"

"நான் மிதிச்சேன்ங்க."

"ஒரு தரந்தானே மிதிச்ச!"

"ஒரு தரந்தானே மிதிக்கணும்?"

நீ அவளை விட்டு ரோட்டுப் பக்கம் திரும்பினாய். "லேர்னர்ஸ்ல படிச்சதெல்லாம் மலைக்குச் சரிவராது" என்று, காரைத் தூக்க வந்த பஸ் ஆட்களுக்குக் கேட்கும்படி சொன்னாய். அவர்களில் ஒருவர், "மிஸ்ஸா ஓட்டினது? அதானே பாத்தேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தர்ஷினி கீழே விழுந்த தன் செருப்பைத் தேடுவது போல் குனிந்தாள். பதில் எனக்குத் தெரியும், தம்பி. ஆமாம், ஒரு தரம்தான் மிதிக்க வேண்டும். ஐந்தே சொல். சொன்னால், பிறகு உனக்கு இரண்டு தரம் மிதிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்ற பேச்சு வரும். அந்நியர்கள் முன்னால் என் மகனையும் என்னையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளை விட்டுக்கொடுக்க மனம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் நசுங்கிய மட்காட்டைத் தடவிப் பார்த்து, "பரவால்ல, திருஷ்டி கழிஞ்சிது" என்றார் அப்பா. அதோடு எல்லாருக்கும் நிம்மதி. திருஷ்டி என்றால் யாரும் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் காரை இழுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். பாஸோடு சண்டை போடத்தான் போனேன். இத்தனை வருடம் நம் காரைப் பார்க்கிறவர், இதைக் கவனிக்காமல் விடலாமா? அவர் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுப் பின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக்கை மூடியிருக்கும் டிரம் வரவில்லை, துருவில் ஒட்டியிருந்தது. சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தார். உள்ளே கரியும் ஒயிலும் கலந்து களிம்பாக இருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து ஒயில் கசிந்துகொண்டிருந்தது. டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனர் தேய்ந்து ஆணித்தலை தெரிந்தது. லைனர் தேயத் தேய அதை டிரம்முக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டிய சின்னப் பல்சக்கரம் அசையவே இல்லை. அதனால்தான் முதல் மிதி வெறும் இடைவெளியைக் கடக்கவே போனது, ஹேண்ட் பிரேக்கும் அதே டிரம்மில்தான் பிடிக்கிறது என்பதால் கல்லும் தேவைப்பட்டது. பழைய ஒயிலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் காட்டினார். பிளேன்டீ நிறம்.

"இத முந்தியே பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா பாஸ்?" என்றேன்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "டீச்சர், கோவிக்க வாணாம். கலியாணத்துக்கு முந்தி பெயிண்டுக்கு வந்த நேரம் நான் சொல்லல்லயா? ஒயில் கொறையிதுண்டா எங்கயோ போவுது, டிரம்மக் கழட்டிப் பாக்கோணும், ரெண்டு நாள் தாங்கண்டு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

"'இப்ப ஒயில ஊத்தி விடுங்க பாஸ், கலியாணம் முடியட்டும்' எண்டு சொன்னீங்க. ரெண்டு கெழம இங்கதான் நிண்டது கார். பெயிண்ட் காயிற நேரத்துக்கு நாலு தரம் செஞ்சிருப்பேன்."

எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தேன். அவரோடு சண்டை போட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. எரிச்சல் மட்டும் இருந்தது. அதை யார் மேல் கொட்டுவது என்று தெரியாமல் பாகம் தேடப் புறப்பட்டேன். அந்த எரிச்சலுக்குக் கண்டி டவுன் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் நல்ல தீனி போட்டன. முதல் கடையில் இல்லை. இரண்டாம் கடையில், "மிஸ், வீட்ல சார் இல்லையா? அவர வரச் சொல்லுங்க" என்றான். "சார் வந்தா காருக்கு என்ன கலர்னுதான் சொல்லுவார்" என்றேன். மூன்றாம் கடையில் ஒரு சிலிண்டரைக் கொடுத்து அதுதான் இது என்று சத்தியம் பண்ணினார்கள். பாஸ் அளந்து பார்த்து, உள்விட்டம் வேறு என்று திருப்பி அனுப்பினார். திருப்பிக் கொண்டுபோனால், "இதப் போட்டும் ஓடுறாங்க மிஸ்" என்கிறார்கள். ஓடுவார்கள், ஓடுவதைப் பற்றி யார் கேட்டது? வருடா வருடம் புகைச் சோதனைக்குப் போகிறோம், வரிப்பத்திரம் ஒட்டுகிறோம், காப்புறுதி கட்டுகிறோம். அந்தக் கார் நிற்குமா என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் நம்மைக் கேட்கவில்லை. நாமும் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் கொழும்பிலிருந்து பஸ் பார்சலில் சரியான சாமான் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் தர்ஷினி ஐந்து மணிக்கு எழுந்து பஸ்ஸுக்கு நின்றாள். கார் இருந்தாலும் நான் பஸ்ஸில்தான் போவேன் அத்தை, எனக்கு ஓட்ட வராது என்று போனில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இரத்த அழுத்த அளவைச் சொல்வது போல் சொன்னாள்.

கடைசி நாள் குழாயிலிருந்து காற்று எடுக்க வேண்டும் என்றார் பாஸ். அதற்கு இரண்டு பேர் வேண்டும். கராஜில் அன்று அவர் மட்டும். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழாயைப் போத்தலுக்குள் விட்டார். "மிதிங்க. மிதிங்க. மிதிங்க. இப்ப புடிச்சிக்கோங்க, விட வாணாம்." அவர் ஆணியைத் தளர்த்தும்போது கால் தானாகக் கீழே போகும். ஒயிலோடு குமிழி வரும். அவர் இறுக்குவார். "விடுங்க." பெடல் தானாக எழும். மறுபடி. ஒரு சக்கரத்துக்குப் பத்துத் தரம், பதினைந்து தரம். நடுவில் அவர் தலையை வெளியே நீட்டி, "டீச்சர், ஒங்கட கால் நான் சொல்லாமலே ரெண்டு தரம் மிதிக்கிது. சொன்னா மட்டும் மிதிங்க" என்றார். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் விடுகிறேன். நாலாவது சக்கரம் முடிந்தபோது என் காலடியில் பெடல் கல் மாதிரி நின்றது. அவ்வளவு மேலே, அவ்வளவு உறுதியாக. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பதினான்கு வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே என் வழக்கப்படி இரண்டு தரம் மிதித்தேன். கார் முதல் மிதியிலேயே பிடித்து, இரண்டாம் மிதியில் என் மூக்கை ஸ்டியரிங்கில் இடித்தது. பின்னால் வந்த த்ரீவீல்காரன் சொன்னதை எழுத முடியாது.

இனிக் காரைப் பற்றி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒயில் அளவை மாதம் ஒரு தரம் பார். குறைந்திருந்தால் ஊற்றாதே, குறைந்தது ஏன் என்று பாஸிடம் கேள், பிறகு ஊற்று. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் முழு ஒயிலையும் மாற்ற வேண்டும், சீல் உடைக்காத போத்தலிலிருந்து. டிக்கியில் இருந்த போத்தலை நான் எறிந்துவிட்டேன், இன்னொன்று வாங்கி வைக்காதே, பக்கத்தில் இருந்தால் கை போகும். வருடம் ஒரு தரம் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் பண்ணி அந்தப் பல்சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல். இஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்து அரை நிமிடம் அப்படியே பிடித்திரு. மெல்ல மெல்லக் கீழே போனால் அன்றைக்குக் காரை எடுக்காதே. இறக்கத்தில் இரண்டாம் கியர். பின்னால் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும். கல்லைத் தேடாதே, அது இப்போது நம் வீட்டுக் கேட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரையும் கலியாணத்தையும் ஒப்பிட்டு அறிவுரை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, நானும் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் இந்த வீட்டில் எதையும் இரண்டு தரம் சொல்லிப் பழகியவள், முதல் தரம் யார் காதிலும் விழுவதில்லை. உங்கள் அப்பாவுக்கும் உனக்கும் அது என் சுபாவம் என்றே படுகிறது. தர்ஷினி எதையும் ஒரு தரம்தான் சொல்கிறாள். ஹேண்ட் பிரேக் வேலை செய்யாதா என்று ஒரு தரம் கேட்டாள். ஒரு தரம்தானே மிதிக்க வேண்டும் என்று ஒரு தரம் கேட்டாள். அவளை இரண்டாம் தரம் கேட்க வைக்காதே.

இன்று சனிக்கிழமை காலை நான் கூப்பிட்டு அவள் வந்தாள், உன்னிடம் ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லிவிட்டு. பொய் சொல்லச் சொன்னது நான். இருவரும் ஹந்தானைக்குப் போனோம். மேலே வரை நான் ஓட்டினேன். தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குக் கீழே அந்த அகலமான திருப்பத்தில் நிறுத்தி இறங்கி, சாவியை நீட்டினேன். "வேணாம் அத்தை" என்றாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், லைனரில் தொடங்கிப் பாஸ் கேட்ட இரண்டு நாள் வரை. அன்று காரில் என் வாயில் இருந்த பதிலையும் சொன்னேன். அவள் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் ஏறினாள். இரண்டாம் கியரில் இறங்கினாள். முதல் வளைவுக்கு முன் மிதித்தாள். கார் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அன்னைக்கும் நான் இப்படித்தான் மிதிச்சேன்" என்றாள்.

"தெரியும்மா. நான் பாத்தேன்" என்றேன்.

என் பங்கை நான் சொல்லிவிட்டேன். பதின்மூன்று நாள் பிந்தி. உன் பங்கை உனக்காக நான் சொல்லப்போவதில்லை. இதைப் படம் பிடித்து இன்று இரவே உன் போனுக்கு அனுப்புகிறேன், நாளை நீ பஸ்ஸில் வா. சாவி என்னிடம் இல்லை, தர்ஷினியிடம் இருக்கிறது. இன்று இரவு இங்கேதான் தங்குகிறாள். சாப்பிட்டுவிட்டு இருவருமாகப் புறப்படுங்கள். அவள் ஓட்டுவாள், நீ இடது பக்கம் உட்கார். தெல்தெனியா தாண்டி மேலே ஏறும்போது அந்த வளைவு வரும், அதற்கு முன்பாவது சொல்லிவிடு. வளைவில் உன் வலது கால் தானாக எழுந்து இரண்டு தரம் மிதிக்கும், என் கால் இன்னும் மிதிக்கிறது. மிதிக்கட்டும். அந்தப் பக்கம் பெடல் இல்லை.

அம்மா